கத்தரிக்காய் மாடு

1

எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைக்கு விரதம் பிடிக்கிறவள் நான், சமைக்கிறவர் அம்மா. என் அப்பா மட்டக்களப்பில் கண்மூடி, அம்மா என்னிடம் வந்து சேர்ந்த ஆண்டிலிருந்து இதுதான் ஒழுங்கு. அம்மா காலையில் தேத்தண்ணியும் பாணும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு நிற்கிற எனக்காகப் பூசணிக்காய் நறுக்கத் தொடங்குவார். மத்தியானம் படையல் போட்டு, பல்கனியில் காகத்துக்குச் சோறு வைப்போம். மொன்றியலில் காகம் இல்லாமலில்லை. ஆனால் எங்கள் வில்லரேப் பகுதி வீட்டுப் பல்கனிக்கு வருவது பூனைக்குட்டி அளவில் ஒரு சாம்பல் அணில்தான். முதல் வருடம் விரட்டினேன். இப்போது விரட்டுவதில்லை. உயிரோடிருந்தபோதே அப்பா யாரோடும் சண்டைக்குப் போகாதவர், அணிலோடா போகப்போகிறார்?

இந்த விரதம் தகப்பனை இழந்தவர்களுக்கு உரியது. தகப்பன் உள்ளவர்கள் பிடிக்கக்கூடாது. பிடித்தால் உயிரோடு இருக்கிறவரைச் சாகச் சொன்னதாக ஆகிவிடும். ஊரில் அன்றைக்கு மாமாங்கத் தீர்த்தக் குளத்தில் சனம் இறங்கி முழுகும். என் அப்பா தன் தகப்பனுக்காக முழுகுவார். அம்மா கரையில் எங்கள் செருப்புகளுக்குக் காவல் நிற்பார். சிறுவயதில் ஒருமுறை, நீங்கள் ஏன் இறங்குவதில்லை என்று கேட்டேன்.

"அவரு செத்திட்டாரெண்டு ஆருகா சொன்ன?" என்றார் அம்மா.

அம்மாவுக்கு இப்போது எழுபது வயது. அவருடைய தகப்பன் உயிரோடு இருந்தால் நூறு தாண்டியிருக்கும். எங்கேயாவது ஒரு மனிதர் அந்த வயதில் உட்கார்ந்திருக்கிறார் என்று அம்மாவும் நம்பவில்லை. ஆனால் யாரும் வந்து சொல்லவில்லை. சொல்லாத சாவுக்கு அம்மா எப்படி விரதம் பிடிப்பது?

2

என் அம்மாவின் தகப்பன் ஒரு யப்பான்காரர். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் படம் பிடிக்கிற கடை வைத்திருந்தவர். பெயர் மொரி. அம்மாவின் தாய்க்குக் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். எந்தக் கந்தோரிலும் பதியவில்லை. அந்தக் காலத்தில் பலர் பதிவதில்லை. அதனால் அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயருக்குரிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது.

யப்பானோடு யுத்தம் தொடங்கியதும் வெள்ளைக்காரனின் பொலிஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. முதலில் கொழும்பு, பிறகு இந்தியாவில் ஒரு முகாம் என்று கேள்வி. அதற்குப் பிறகு கேள்வியும் இல்லை. அம்மாவுக்கு அப்போது நாலு வயது. தாயும் மகளும் மட்டக்களப்பில் சொந்தக்காரரிடம் வந்து ஒதுங்கினார்கள். அடுத்த வருடம் யப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது, தெருப் பிள்ளைகள் "உன்ர கொப்பன்தான் போட்டவன்" என்று அம்மாவுக்குக் கல்லெறிந்தார்கள். அம்மாவின் கண்கள் அப்படி. சிரித்தால் கோடாகிவிடும். மறைக்க வழியில்லை.

அம்மாவின் தாய் சாகும்வரை குங்குமப் பொட்டை அழிக்கவில்லை. அவருக்கும் யாரும் வந்து சொல்லவில்லை. பிற்காலத்தில் எங்கள் ஊரில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் வீடுகளிலும் இதே கதைதான். திவசமும் இல்லை, விரதமும் இல்லை, பொட்டு மட்டும் அப்படியே இருக்கும். நான் புறப்பட்டு வந்தபோது எங்கள் ஒழுங்கையில் அப்படி மூன்று வீடுகள் இருந்தன. இதை எழுதும்போது எனக்கு அழுகை வரவேண்டும். வரவில்லை. பதினேழு வருடமாக மாதக்கணக்கில் பனியைப் பார்த்துப் பார்த்து எனக்குள்ளும் ஏதோ மரத்துப்போய்விட்டது.

தகப்பனைப் பற்றி அம்மாவுக்கு நினைவிருப்பது இரண்டு. ஒன்று, தன் ஊரில் வானத்திலிருந்து வெள்ளையாகக் கொட்டும் என்று அவர் கைகளால் காட்டியது. அம்மா ஸ்பொன்சரில் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் யன்னலோரம் வெகுநேரம் நின்றார். "அவரு சொன்னது பொய்யில்ல" என்றார். பிறகு போய்ப் பருப்பை அடுப்பில் வைத்தார்.

மற்றது, ஆடி மாதக் கடைசியில் அவர் செய்து வைக்கிற விளையாட்டுச் சாமான். வெள்ளரிக்காய்க்கு நாலு ஈர்க்குக் கால் குத்தினால் குதிரை. கத்தரிக்காய்க்குக் குத்தினால் மாடு. அம்மா எடுத்து விளையாடுவாராம். அவர் ஏசமாட்டாராம், சிரித்துவிட்டு இன்னொன்று செய்து வைப்பாராம்.

அம்மா அதை எங்களுக்குச் செய்து தந்தார். பிறகு என் மகள் ஆரணிக்குச் செய்து கொடுத்தார். ஈர்க்குக்குப் பதில் தீக்குச்சி, அவ்வளவுதான் வித்தியாசம். ஆரணிக்கு இப்போது பதினேழு. விளையாட ஆளில்லை. ஆனாலும் ஆடி வந்தால் அம்மாவின் கை சும்மா இருக்காது. குதிரையும் மாடும் குசினி மேசையில் கொஞ்ச நேரம் நிற்கும். பொழுது பட முன்னம் கால்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குதிரையைச் சம்பலுக்கும் மாட்டைக் குழம்புக்கும் வெட்டிவிடுவோம். நல்ல மரக்கறியை வீணாக்க முடியுமா?

3

இந்த மாசி மாதம் அம்மா மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் தாதி ஒருத்தி கேள்வி கேட்டு எழுதினாள். நான் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். தகப்பன் என்ன வருத்தத்தில் இறந்தார்?

"தெரியா" என்றார் அம்மா.

அப்படியானால் உயிரோடு இருக்கிறாரா?

"அதுவும் தெரியா."

தாதி பேனையை நிறுத்திவிட்டு எழுபது வயது மனுசியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் பிரெஞ்சில்தான் பிழை என்று நினைத்திருக்க வேண்டும். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பவும் கேட்டாள். நானும் மெதுவாகவே, தெரியாது மடாம் என்றேன்.

இதயத்தில் ஒரு வால்வு தளர்ந்துவிட்டது, இந்த வயதில் வெட்டித் தைக்க முடியாது, மருந்தோடு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா சொன்னார்:

"மனே, வாற ஆடிக்கு முதல் அவரு இரிக்காரா இல்லையா எண்டு கேட்டுச் சொல்லு. செத்திட்டாரெண்டா நான் ஒரு விரதமாவது பிடிக்கோணும். ஒண்டும் செய்யாமப் போனா அங்க அவருக்கு முன்னால என்னெண்டு நிக்கிற?"

அம்மா என்னிடம் எதையும் கேட்கிறவரல்ல. சப்பாத்து நனைந்தாலும் சொல்லமாட்டார். சரி அம்மா என்றேன்.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், டாக்சி ஓட்டுகிறவர். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரு குறுக்கு ரோட்டு இருக்கும். "நூறு வயசில ஆரப்பா உயிரோட இருக்கினம்? பேசாமல் பிடிக்கச் சொல்லும்" என்றார். அம்மாவிடம் போய் நீங்களே சொல்லுங்கோ என்றேன். அவர் போகவில்லை.

ஆரணிக்குத்தான் சந்தோசம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், தான் எட்டில் ஒரு பங்கு யப்பான்காரி என்று சிநேகிதிகளுக்கெல்லாம் பிரெஞ்சில் அறிவித்தாள். மிச்ச ஏழு பங்கை யாருக்காவது அறிவித்தாளா என்று நான் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் தேடித் தந்ததும் அவள்தான். யப்பானில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஊர்க் கந்தோரில் ஒரு பதிவு இருக்குமாம். பிறப்பு, கலியாணம், சாவு எல்லாம் அதில் ஏறுமாம். எந்த ஊர் என்று தெரிந்தால் போதும். எங்களுக்குத் தெரியாதது அது ஒன்றுதான். யப்பானியப் பக்கங்களைக் கம்ப்யூட்டரே மொழிபெயர்த்துத் தந்தது. அதில், மரங்கள் நிறைந்த மூத்த மகன் தயவுசெய்து முத்திரையோடு இறக்கவும் என்று இருந்தது. ஆரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "என்னவாம்? என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

டவுன்டவுனில் யப்பான் அலுவலகம் ஒன்றுக்கு லீவு எடுத்துக்கொண்டு போனேன். நான் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கிற சமையல்கூடத்தில் வேலை செய்கிறேன். ஒரு நாள் லீவு கேட்டால் மேற்பார்வையாளர் ஒரு கிழமைக்கு முகம் தரமாட்டார். அலுவலகத்தில் இருந்த பெண் மிகவும் மரியாதையானவள். ஊர் வேண்டும், பெயரின் எழுத்து வேண்டும், இவர்தான் தகப்பன் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றாள். அத்தாட்சி எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அந்தக் குடும்பப் பதிவில் என்றாள். அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. எழுந்து நின்று தலை குனிந்தாள். நானும் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன்.

4

பனி கரைந்ததும் வில்லரே சனம் வெளிப்படிக்கட்டுக்கு வரும். குளிர்காலம் முழுக்க அயல் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. போன யூலை முதலாம் திகதி, ஊரே வீடு மாறுகிற அந்த நாளில், எங்களுக்குக் கீழ்வீட்டுக்கு ஒரு மனுசி குடிவந்திருந்தார். சீனத்தி என்று நாங்கள் நினைத்திருந்தோம். சித்திரை மாதம் ஒரு நாள் படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்து அவர் ஏதோ கடகடவென்று கதைத்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு யப்பானிய மொழியில் கதைத்திருக்கிறார். அம்மாவும் விடாமல் "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் வேலையால் வந்தபோது இரண்டு பேரும் நன்றாகக் கதைத்து முடித்திருந்தார்கள்.

அவர் பெயர் மிச்சிக்கோ, அறுபத்தைந்து வயதிருக்கும். கியூபெக்காரரைக் கட்டி, அவரை இழந்து, தனியாக இருக்கிறார். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி பிரெஞ்சு. அவருடையதும் ஓட்டை, என்னுடையதும் ஓட்டை. ஆரணி நாங்கள் கதைப்பதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள்.

அம்மாவிடம் தகப்பன் எடுத்த படம் ஒன்று இருந்தது. மூன்று வயது அம்மா, கையில் கறுப்பாக மங்கலாக ஏதோ ஒன்று; அது கத்தரிக்காய் மாடு என்று அம்மா சொல்வார். படம் ஒட்டிய அட்டையின் அடியில் அழுத்திப் பதித்த பூவேலைப்பாடு. மிச்சிக்கோவிடம் காட்டினேன். அது பூவேலைப்பாடில்லை, எழுத்து என்றார். இத்தனை காலமும் நாங்கள் பூ என்று நினைத்துத் துடைத்து வைத்தது, அவருடைய கடைப் பெயர்: எச்சிகோ படக்கடை, மொரி. எச்சிகோ என்பது ஒரு பகுதியின் பழைய பெயர், கூரையளவுக்குப் பனி கொட்டும் இடம், ஆனால் அதில் எத்தனையோ ஊர்கள் என்றார்.

பிறகு மிச்சிக்கோ அந்த ஊர்க் கந்தோர்களுக்கு எழுதினார். அம்மா தமிழில் சொல்ல, நான் பிரெஞ்சில் சொல்ல, அவர் யப்பானிய மொழியில் எழுதுவார். "என்ர அப்பா இரிக்காரா?" என்று எங்கள் குசினியில் புறப்பட்டது, அங்கே போய் இறங்கும்போது, மேற்படி நபரின் தற்போதைய நிலை குறித்து, என்று ஆகியிருக்கும். ஒவ்வொரு ஊராகப் பதில் வந்தது. எல்லாப் பதிலும் முதலில் எங்கள் ஊர்க் காலநிலையை விசாரித்தது. பிறகு மறுத்தது.

அம்மா ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்ப்பார். இல்லை என்று தலையாட்டுவேன். எழும்பிப் போய்விடுவார். எனக்குக் கவலை வந்ததா என்று கேட்டால், முதல் இரண்டு முறை வந்தது. பிறகு தபால்பெட்டியைத் திறக்கிற கை மட்டும்தான் வேலை செய்தது.

5

இந்த வருடம் ஆடி அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. வேலை இல்லை. நான் முழுகிவிட்டு வெறும் வயிற்றோடு நின்றேன். அம்மா பாண் சாப்பிட்டுவிட்டு, முதல்நாள் ஜோன்-தலோன் சந்தையில் நான் வாங்கிவந்த கத்தரிக்காயில் நல்ல கொழுத்ததாக ஒன்றைத் தெரிந்தெடுத்துத் தீக்குச்சி குத்திக்கொண்டிருந்தார். குதிரை ஏற்கெனவே மேசையில் நின்றது. ஆரணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு சோபாவில் கிடந்தாள்.

மிச்சிக்கோ கதவைத் தட்டினார். வெள்ளிக்கிழமை வந்த கடைசிப் பதிலை வாசித்துவிட்டாராம். நேரே சொன்னார்: அத்தாட்சி இல்லாதபடியால் அப்படி ஒருவர் தங்கள் பதிவில் இருக்கிறாரா இல்லையா என்பதைக்கூடச் சொல்ல முடியாதாம். எழுத இனி ஊரில்லை.

அம்மாவுக்குச் சொன்னேன்.

"ஆளிரிக்காரா எண்டு கேட்டா, ஆளெண்டு ஒருத்தரு இருந்தாரா எண்டே சொல்லமாட்டாங்களாமா?" என்றார். கோபமில்லை. கடையில் சீனி முடிந்துவிட்டது என்று கேட்டதுபோல இருந்தது. "சரி. கத்திய எடு மனே, உனக்குக் குழம்பு வைக்கோணும்."

நான் கத்தியை எடுத்து வந்தேன். மிச்சிக்கோ மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதை யார் செய்தது?" என்று கேட்டார்.

அம்மாதான், குழந்தைகளுக்குச் செய்கிறது என்றேன். அவருடைய தகப்பன் பழக்கியது, விளையாட்டுச் சாமான்.

"விளையாட்டுச் சாமான் இல்லை" என்றார். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தன் சொந்த ஊரில் இந்தப் பழக்கம் இல்லை, தோக்கியோவில் இருந்த காலத்தில் பார்த்திருக்கிறார். அவர்கள் நாட்டில் செத்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார்களாம். நாளைக்கு அந்த நாட்கள் தொடங்குகின்றன. கெதியாக வந்து சேரட்டும் என்று குதிரை. திரும்பிப் போகும்போது மெல்ல, ஆறுதலாகப் போகட்டும் என்று மாடு. மூன்று நாள் வைத்திருந்து, பிறகு ஆற்றில் விடுவார்கள் அல்லது புதைப்பார்கள். சாப்பிடுவதில்லை.

சாப்பிடுவதில்லை என்று சொல்லும்போது என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். நான் அதை மெல்லக் கீழே வைத்தேன்.

அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஆரணி ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழும்பி வந்தாள். அம்மா மாட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பக்கத்தில சின்ன விளக்கொண்டு வைப்பாரு" என்றார். "இருட்டில எனக்கு மாடு தெரியட்டும் எண்டுதான் வைக்காரு எண்டு நினைச்ச. தன்ர தாய் தகப்பனுக்கு வைச்ச விளக்கு அது. நான் எடுத்து விளையாடியிருக்கன்."

மிச்சிக்கோ மேசைக்கு முன்னால் தலை குனிந்து நின்றார். பிறகு அம்மாவுக்கும் தலை குனிந்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மாட்டைக் குதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"மனே, நாம வருசா வருசம் இதை வைச்சிரிக்கம் தானே?"

"ஓம் அம்மா."

"குதிரை வைச்சா வருவாங்களாம்?"

"அப்பிடித்தான் சொன்னாங்க."

"செத்தவங்கதான் வருவாங்களாம்?"

"ஓம்."

"மாட்டை வருசா வருசம் குழம்பு வைச்சுத் திண்டிட்டம்."

ஆரணிதான் திருத்தமில்லாத தமிழில், "அப்ப எப்பிடித் திரும்பிப் போற, அம்மம்மா?" என்று கேட்டாள்.

"எதில போற?" என்றார் அம்மா. "போயிரிக்க மாட்டாரு."

எழும்பிக் குளியலறைக்குப் போனார். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. ஈரத் தலையோடு, வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு வெளியே வந்தார். என் அம்மா ஆடி அமாவாசையில் தலை முழுகி நான் பார்த்தது அதுதான் முதல்தரம்.

"காலையில பாண் திண்டிட்டன்" என்றார். "பொழுது படும்வரைக்கும் இனி ஒண்டும் வாயில வைக்கல்ல. அது காணுமா?"

"காணும் அம்மா. மருந்து?"

"தண்ணியோட போடுறன்."

அவருக்காக நானும் பொழுதுபடும்வரை இருந்தேன். எனக்குப் பசிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மரத்துப்போன முகத்தோடு, தெரியாது மடாம் என்று சொன்ன நான், சிங்கில் பாத்திரம் கழுவிக்கொண்டு அழுதேன். தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தபடியால் யாருக்கும் கேட்கவில்லை. ஆரணி போய், கேக்கில் வைக்கிற சின்ன மெழுகுதிரி ஒன்றைத் தேடிக்கொண்டு வந்து குதிரைக்குப் பக்கத்தில் நட்டு வைத்தாள். யாரும் சொல்லி அவள் செய்யவில்லை.

வெளிச்சம் குறையத் தொடங்கியதும் கேட்டேன்: "மாட்டை என்னம்மா செய்யிற? மூண்டு நாள் வைக்கோணுமாம்."

அம்மா மாட்டைப் பார்த்தார். கால்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேசையில் வைத்தார்.

"வெட்டு மனே" என்றார். "நல்லா வதக்கிக் குழம்பு வை. ஒரு துண்டும் மிஞ்சப்படாது."

வெட்டினேன். குழம்பு வைத்தேன். இரண்டு படையல் போட்டோம், ஒன்று என் அப்பாவுக்கு, ஒன்று அம்மாவின் அப்பாவுக்கு. பல்கனியில் வைத்த சோற்றை அணில் வந்து தின்றது. அம்மா முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு, உப்புக் கொஞ்சம் காணாது என்றார். பிறகு சட்டியை வழித்து, கத்தரிக்காய்க் காம்பைக்கூட விடாமல் சப்பிச் சாப்பிட்டார்.